படிக்கட்டில் விழுந்த பிறகு: கெர்ட்ரூட் எடர்லியின் இன்னொரு நீச்சல்

பாயான் பாரு – சனிக்கிழமை காலையில் ஸ்பைஸ் வளாகத்து நீச்சல் குளத்துக்குப் போனால் இரண்டு வகை மனிதர்களைப் பார்க்கலாம். ஒரு பக்கம் பயிற்றுநரின் விசில் சத்தத்துக்குப் பாய்கிற பள்ளிப் பிள்ளைகள். இன்னொரு பக்கம், ஆழம் குறைந்த ஓரத்தில், நீந்தாமல் தண்ணீருக்குள் மெதுவாக நடந்துகொண்டிருக்கும் பெரியவர்கள். முழங்கால் அறுவை செய்துகொண்டவர்கள், மோட்டார் சைக்கிள் விபத்தில் இடுப்பு உடைந்தவர்கள், பக்கவாதத்திலிருந்து மீண்டு வருபவர்கள். கடந்த இரண்டு மாதமாக என் பெரியம்மாவும் அவர்களில் ஒருவர்.

பெரியம்மா போன ஆண்டு அடுக்குமாடி வீட்டின் ஈரப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தார். முதுகெலும்பில் விரிசல். ஏழு மாதம் படுக்கையும் இடுப்புப் பட்டையுமாகப் போனது. தோட்டத்தில் பிறந்து ஆற்றில் நீந்திக் களித்தவர், பிறகு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நின்றபடியே 30 ஆண்டு உழைத்தவர். தண்ணீரில் நடக்கச் சொல்லித்தான் மருத்துவர் அனுப்பினார். பெரியம்மாவுக்கோ நடை போதவில்லை. குளத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒரு தடவையாவது நீந்திப் பார்க்க வேண்டும் என்றார். வீட்டில் எல்லாரும் சிரித்தோம். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

அந்தச் சிரிப்பு மனத்தை உறுத்திக்கொண்டிருந்த நாட்களில்தான் கெர்ட்ரூட் எடர்லியின் வாழ்க்கையை முழுதாகப் படித்தேன். ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் பெண் என்று பொது அறிவுப் புத்தகங்களில் ஒரு வரியாக வருபவர். 2024இல் அவரைப் பற்றி ஓர் ஆங்கிலத் திரைப்படமும் வந்தது. கால்வாயைக் கடந்து, ஊர் திரும்பி, வரவேற்பு முடிந்ததும் படமும் முடிந்துவிடுகிறது. அப்போது அவருக்கு வயது 20. அதற்குப் பிறகு 77 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த 77 ஆண்டுகளுக்குள் ஒரு படிக்கட்டும் இருக்கிறது.

இறைச்சிக் கடைக்காரர் மகள்

1905ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி நியூயார்க் நகரின் மன்ஹாட்டனில் எடர்லி பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். அப்பா ஹென்றி ஆம்ஸ்டர்டாம் அவென்யூவில் இறைச்சிக் கடை வைத்திருந்தார். ஆறு பிள்ளைகளில் எடர்லி மூன்றாமவர். வீட்டில் அவரை ட்ரூடி என்றுதான் கூப்பிட்டார்கள்.

கோடை விடுமுறைக்குக் குடும்பம் நியூ ஜெர்சி கடற்கரைக்குப் போகும். அங்கே அப்பா மகளின் இடுப்பில் கயிற்றைக் கட்டித் தண்ணீரில் இறக்கிவிட்டு நீந்தக் கற்றுக்கொடுத்தார். நம் ஊர்க் கிணற்றடியில் சேலையைக் கட்டி இறக்கிவிடுவது போலத்தான்.

சின்ன வயதில் ட்ரூடிக்குத் தட்டம்மை வந்தது. அது காதைப் பாதித்தது. தண்ணீருக்குள் போனால் கேட்கும் திறன் இன்னும் கெடும் என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். சிறுமி கேட்கவில்லை. காது போனாலும் சரி, கடல் வேண்டும் என்று இருந்துவிட்டாள். இந்த முடிவுக்கான விலையை அவர் பின்னால் முழுதாகக் கொடுத்தார்.

அப்போது நியூயார்க்கில் மகளிர் நீச்சல் சங்கம் என்ற ஓர் அமைப்பு இருந்தது. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக வேலை செய்த சார்லட் எப்ஸ்டைன் 1917இல் தொடங்கியது. பெண்கள் நீந்துவதே ஒழுக்கக் குறைவு என்று பலர் நினைத்த காலம் அது. கடற்கரையில் கை, கால் தெரிய நின்றால் போலீஸ் பிடிக்கும் ஊர்களும் இருந்தன. அந்தச் சங்கத்தில் லூயிஸ் டி பி ஹேண்ட்லி என்ற பயிற்றுநர் ஒரு காசு வாங்காமல் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். கைகளை மாற்றி மாற்றி வீசி, கால்களை இடைவிடாமல் உதைக்கும் கிரால் நீச்சலை எடர்லி அங்கேதான் செம்மைப்படுத்திக்கொண்டார்.

1922 ஆகஸ்டில் நியூயார்க் கடற்கரையில் நடந்த மூன்றரை மைல் போட்டியில், யாரும் எதிர்பார்க்காத இந்த 16 வயதுப் பெண் 50க்கும் மேற்பட்ட வீராங்கனைகளை முந்தினார். தோற்றவர்களில் பிரிட்டனின் சாம்பியனும் இருந்தார். அதிலிருந்து 1925 வரை அவர் கைவசம் இருந்த தேசிய, உலகச் சாதனைகள் மட்டும் 29.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவரிடம் மூன்று தங்கம் எதிர்பார்த்தார்கள். கிடைத்தது 4x100 மீட்டர் அஞ்சல் நீச்சலில் ஒரு தங்கம், 100 மீட்டரிலும் 400 மீட்டரிலும் வெண்கலம். அமெரிக்கப் பெண்கள் அணியை நகரத்துக்கு வெளியே தங்கவைத்திருந்தார்கள். பாரிஸின் கேளிக்கைகள் பெண்களைக் கெடுத்துவிடும் என்று அதிகாரிகளுக்குப் பயம். நீச்சல் குளத்துக்கு வந்து போகவே தினமும் பல மணி நேரம் ஆனது. தசைகள் விறைத்துப்போய்த்தான் எடர்லி போட்டியில் இறங்கினார். மூன்று பதக்கம் வாங்கியும் அந்த ஒலிம்பிக்கைத் தன் தோல்வியாகவே கடைசி வரை நினைத்திருந்தார்.

33 கிலோமீட்டர்

பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே ஆங்கிலக் கால்வாயின் மிகக் குறுகிய இடம் சுமார் 33 கிலோமீட்டர். பத்து மாவுங்கிலிருந்து பத்து காவானுக்குப் போகும் நம் இரண்டாவது பாலத்தின் மொத்த நீளமே 24 கிலோமீட்டர்தான். அதைவிட ஒன்பது கிலோமீட்டர் கூடுதல். ஆனால் நம் கடல் வெதுவெதுப்பானது. கால்வாய் ஆகஸ்ட் மாதத்தில்கூட 16 டிகிரி அளவில் இருக்கும். போதாததற்கு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரோட்டம் திசை மாறும். நேர்கோட்டில் நீந்த முடியாது.

1875இல் மேத்யூ வெப் முதலில் கடந்தார். அடுத்தவருக்கு 36 ஆண்டு ஆனது. 1926 தொடங்கும்போது மொத்தமே ஐந்து பேர் கடந்திருந்தார்கள், ஐவரும் ஆண்கள். அவர்களில் வேகமானவர் அர்ஜென்டினாவின் என்ரிக் திராபோஸ்கி. 16 மணி 33 நிமிடம்.

எடர்லியின் முதல் முயற்சி 1925 ஆகஸ்டில். பயிற்றுநர் ஜேபஸ் வோல்ஃப், கால்வாயைக் கடக்கப் பல தடவை முயன்று ஒரு தடவையும் முடியாதவர். சுமார் ஒன்பது மணி நேரம் நீந்திய நிலையில், எடர்லி மூழ்குகிறார் என்று சொல்லி, பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த எகிப்து வீரரைக் கொண்டு அவரைத் தூக்கச் செய்தார். ஒரு கை பட்டாலே முயற்சி செல்லாது. தாம் சற்று முகம் கவிழ்த்து இளைப்பாறிக்கொண்டுதான் இருந்தோம், மூழ்கவில்லை என்றார் எடர்லி. கடைசி வரை அதை அவர் மன்னிக்கவில்லை.

அடுத்த ஆண்டு பயிற்றுநரை மாற்றினார். 1911இல் கால்வாயைக் கடந்த தாமஸ் பர்ஜஸ் வந்தார். அக்காள் மார்கரெட் இரண்டு துண்டாக ஒரு நீச்சல் உடையைத் தைத்துக் கொடுத்தார். முந்தைய ஆண்டு போட்ட உடை தண்ணீரை உறிஞ்சி உடம்பை அறுத்திருந்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களின் கண்ணாடியை வாங்கி, உப்புநீர் புகாமல் இருக்க ஓரங்களை மெழுகு உருக்கி அடைத்தார்கள். குளிர் தாக்காமல் இருக்க ஆலிவ் எண்ணெயும் கொழுப்பும் உடம்பில் அடுக்கடுக்காகப் பூசினார்கள். கடந்து முடித்தால் சிவப்பு நிறக் கார் வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார்.

1926 ஆகஸ்ட் 6ஆம் தேதி காலை ஏழு மணி தாண்டிய சில நிமிடங்களில் பிரான்சின் கிரி நே முனையில் இறங்கினார். அப்பாவும் அக்காளும் இழுவைப் படகில் கூட வந்தார்கள். பாட்டுப் பாடி உற்சாகப்படுத்தினார்கள். பிற்பகலில் காற்று கிளம்பியது, மழை வந்தது, அலை உயர்ந்தது. 12 மணி நேரம் ஆனபோது பர்ஜஸே பயந்து, வெளியே வந்துவிடச் சொன்னார். எடர்லி தலையைத் தூக்கி, எதற்காக என்று மட்டும் கேட்டுவிட்டுத் தொடர்ந்து நீந்தினார். அப்பாவும் அக்காளும் அவரைத் தொடக்கூடாது என்று தடுத்து நின்றார்கள்.

இரவு இங்கிலாந்தின் கிங்ஸ்டவுன் கரையில் நெருப்பு மூட்டி மக்கள் காத்திருந்தார்கள். 14½ மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகியிருந்தது. ஐந்து ஆண்களின் சாதனையையும் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தால் ஒரு பெண் முறியடித்துவிட்டார். அலையும் நீரோட்டமும் அலைக்கழித்ததில் அவர் உண்மையில் நீந்திய தூரம் 56 கிலோமீட்டர் வரை இருக்கும் என்று கணக்கிட்டார்கள். பெண்கள் உடல் வலிமையில் என்றைக்கும் பின்தங்கியவர்களே என்று அந்த நாட்களில்தான் லண்டன் நாளிதழ் ஒன்று தலையங்கம் எழுதியிருந்தது. கரையேறியவரை முதலில் வரவேற்றது ஒரு குடிநுழைவு அதிகாரி. பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னாராம்.

எதிர்நீச்சல் என்ற சொல்லை எங்கள் செய்தித் தலைப்புகளில் தாராளமாகப் போடுவோம். தேர்வில் தேறினால் எதிர்நீச்சல், கடை திறந்தால் எதிர்நீச்சல். எடர்லியின் அந்த இரவைப் படித்த பிறகு அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்யவே எனக்குக் கொஞ்சம் கை கூசுகிறது.

தமிழ் வாசகர்களுக்கு ஆகஸ்ட் 6 இன்னொரு நினைவையும் தரும் நாள். வல்வெட்டித்துறை தந்த ஆழிக்குமரன் ஆனந்தன், 1971இல் பாக்கு நீரிணையைப் போகவும் வரவுமாக 51 மணி நேரத்தில் நீந்தியவர், இதே ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிரிழந்தது 1984 ஆகஸ்ட் 6 அன்று. எடர்லி கடந்து சரியாக 58 ஆண்டுகள் கழித்து. ஆனந்தனுக்கு வயது 41. அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

புகழ் வடிந்த வேகம்

ஆகஸ்ட் 27ஆம் தேதி நியூயார்க்கில் அவருக்கு நடந்த ஊர்வலத்தில் இருபது லட்சம் பேர் திரண்டதாகச் சொல்வார்கள். மாடிகளிலிருந்து காகிதத் துண்டுகள் மழையாகக் கொட்டின. அதிபர் கூலிட்ஜ் அழைத்துப் பாராட்டினார். அப்பா வாக்குக் கொடுத்த சிவப்புக் காரும் வந்தது.

ஆனால் மறுநாளே, ஆகஸ்ட் 28 அன்று, இரண்டு குழந்தைகளின் தாயான மில் கேட் கார்சன் கால்வாயைக் கடந்தார். இன்னும் இரண்டு நாளில் எர்ன்ஸ்ட் ஃபியர்கோட்டர் என்ற ஜெர்மானியர் எடர்லியைவிட ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் வேகமாக நீந்திவிட்டார். பத்திரிகைகளின் கண் அடுத்தவர் மேல் போனது. எடர்லியின் ஒப்பந்தங்களைக் கவனித்த வழக்கறிஞர் நல்ல வாய்ப்புகள் பலவற்றைத் தாமதித்தே கைநழுவவிட்டார். கடைசியில் ஊர் ஊராகப் போய், மேடையில் வைத்த தண்ணீர்த் தொட்டியில் நீந்திக் காட்டும் வேலை மிஞ்சியது. 1927இல் ஒரு மௌனப் படத்தில் நடித்தார்.

ஓய்வே இல்லாத அந்தச் சுற்றுப்பயணங்களில் 1928 வாக்கில் அவர் மனமும் உடம்பும் தளர்ந்து விழுந்தார். காது மேலும் மோசமானது. நெருங்கிப் பழகிய ஒருவரிடம், காது கேட்காத மனைவியோடு வாழ்வது கஷ்டமாக இருக்கும் என்று அவரே எடுத்துச் சொன்னார். இல்லை என்று மறுப்பார் என எதிர்பார்த்தார். அந்த மனிதர் ஆமாம் என்று ஒத்துக்கொண்டு போய்விட்டார். எடர்லி கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

படிக்கட்டு

1933. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் ஒரு குடியிருப்புக் கட்டடம். படிக்கட்டில் ஓடு பெயர்ந்திருந்தது. 28 வயது எடர்லி அதில் கால் இடறி விழுந்தார். அலை இல்லை, குளிர் இல்லை, மூழ்கும் பயம் இல்லை. யார் வீட்டிலும் நடக்கக்கூடிய விபத்து. முதுகெலும்பு முறிந்தது.

ஒருவரல்ல, பல நரம்பியல் மருத்துவர்கள் பார்த்தார்கள். இனி நடக்க முடியாது, நீச்சலை மறந்துவிட வேண்டியதுதான் என்றார்கள். உடம்பைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டார்கள். அந்தக் கட்டுக்குள் அவர் நான்கு ஆண்டுக்கு மேல் இருந்தார்.

நான்கு ஆண்டு என்று எழுதுவது எளிது. பெரியம்மாவின் ஏழு மாதத்தைக் கூட இருந்து பார்த்ததால் எனக்கு அது ஓரளவு புரிகிறது. படுக்கையில் கிடக்கும் உடம்பு நாளுக்கு நாள் கரையும். தசைதான் முதலில் போகும். தொடையும் முதுகும் மெலியும். எலும்பும் சுமை இல்லாமல் இருந்தால் பலம் இழக்கும். ஆளைத் திருப்ப ஆள் வேண்டும். 14½ மணி நேரம் கடலில் கை ஓயாத ஒருவர், தும்மினால் வலிக்குமோ என்று பயந்து கிடப்பதை நினைத்துப் பாருங்கள். அவரைச் சுற்றியிருந்த சத்தமும் குறைந்துகொண்டே வந்தது. கட்டிலில் கிடப்பவருக்கு வானொலியாவது துணை. அவருக்கு அதுவும் சரியாகக் கேட்காது.

அந்தக் காலத்தில் முதுகெலும்புக் காயம் என்றால் மருத்துவ உலகம் கையை விரித்துவிடும். எலும்புக்குள் ஓடும் நரம்புத்தண்டு அறுபட்டவர்களில் பலர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீரகத் தொற்றாலும் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ இறந்தார்கள். இந்த நிலையை மாற்றிய லுட்விக் குட்மன் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தம் பிரிவைத் திறந்தது 1944இல்தான். எடர்லிக்கு முறிந்தது எலும்பு, நரம்புத்தண்டு முழுதாக அறுபடவில்லை. அந்த அளவில் அவர் அதிர்ஷ்டக்காரர். ஆனால் அதைப் படம் பிடித்துக் காட்டும் இன்றைய கருவிகள் அப்போது ஏது? காலை அசைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அசைத்துப் பார்க்கக் கட்டை அவிழ்க்க வேண்டும்.

கட்டை அவிழ்த்த பிறகு முதலில் நிற்கப் பழகினார், பிறகு நடக்க. அதன் பிறகு தண்ணீருக்குத் திரும்பினார்.

தண்ணீரை ஏன் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள் என்று குளத்தில் பெரியம்மாவுக்கு உதவும் உடலியக்கச் சிகிச்சையாளரைக் கேட்டேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால் தாங்கும் எடை ஏறக்குறையப் பாதியாகிவிடும். நெஞ்சளவில் மூன்றில் ஒரு பங்கு. கழுத்தளவில் பத்தில் ஒரு பங்குதான். தரையில் ஒரு அடி வைக்க முடியாத முதுகு தண்ணீரில் பத்து அடி வைக்கும். அதே தண்ணீர் ஒவ்வோர் அசைவையும் தடுத்து நின்று தசைக்கு வேலையும் கொடுக்கும். எடர்லிக்கு இந்தக் கணக்கெல்லாம் யாரும் சொல்லித் தந்திருக்க வேண்டிய தேவை இருந்திராது. அப்பாவின் கயிறு இடுப்பில் இருந்த நாளிலிருந்தே தெரிந்திருக்கும்.

1939

1939 ஏப்ரல் 30ஆம் தேதி நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் உலகக் கண்காட்சி தொடங்கியது. அதில் கூட்டம் அலைமோதிய இடங்களில் ஒன்று பில்லி ரோஸ் என்ற தயாரிப்பாளரின் அக்வகேட் நீர்க் காட்சி. பெரிய குளம், அதைச் சுற்றி ஏறத்தாழ பத்தாயிரம் பேர் உட்காரும் அரங்கம், இசை, விளக்குகள், வரிசையாக நீந்தும் நூற்றுக்கணக்கான கலைஞர்கள். நட்சத்திரங்கள் 1932 ஒலிம்பிக் தங்க மங்கை எலினோர் ஹோம், டார்சான் படங்களால் உலகமே அறிந்த ஜானி வெய்ஸ்முல்லர். அந்தக் குளத்தில் 33 வயது எடர்லியும் இறங்கி நீந்தினார்.

வெய்ஸ்முல்லரும் எடர்லியும் 1924 பாரிஸில் ஒரே அணியில் இருந்தவர்கள். 15 ஆண்டு கழித்து ஒரே தண்ணீரில் மறுபடியும் சந்திக்கிறார்கள். ஒருவர் ஹாலிவுட்டிலிருந்து வருகிறார், இன்னொருவர் மாவுக்கட்டிலிருந்து.

அங்கே எடர்லி யாரோடும் போட்டியிடவில்லை. அது காட்சி, பந்தயம் அல்ல. அவர் வாழ்க்கையில் எனக்கு ஆறாத இடம் இதுதான். அவர் விரும்பியிருந்தாலும் அவருக்கென்று ஒரு பந்தயம் அப்போது உலகத்தில் எங்கும் இல்லை. இருபது, இருபத்தைந்து வயதைத் தாண்டினால் நீச்சல் வீரர்கள் ஓய்வு பெற்றுவிட வேண்டும் என்பது எழுதப்படாத விதி. உடைந்த முதுகோடு திரும்பி வருபவருக்கு ஒரு தடமோ ஒரு கடிகாரமோ யாரும் ஒதுக்கவில்லை. மிஞ்சியது வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்தான்.

வயது வந்தோருக்கென்று மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டி அமெரிக்காவில் முறையாகத் தொடங்கியது 1970இல், டெக்சஸ் மாநிலத்து அமரில்லோ நகரில். உலக அளவிலான மாஸ்டர்ஸ் போட்டி 1986இல் டோக்கியோவில் வந்தது. 25 வயதில் தொடங்கி ஐந்தைந்து ஆண்டாகப் பிரித்து, 80, 90 வயதுக்காரர்களும் தத்தம் வயதினரோடு நீந்துகிறார்கள். குட்மன் தம் நோயாளிகளுக்காக 1948இல் தொடங்கிய சக்கர நாற்காலி விளையாட்டு 1960இல் ரோம் நகரில் உலகப் போட்டியாக வளர்ந்தது. நீச்சலும் அதில் இருந்தது. இன்று அதைப் பாராலிம்பிக் என்கிறோம். 1965 போரில் குண்டு பாய்ந்து உடல் முடங்கிய இந்திய ராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர், சிகிச்சைக்காகத் தண்ணீரில் இறங்கி, 1972இல் ஹைடல்பர்க் போட்டியில் 50 மீட்டர் ஃபிரீஸ்டைலில் தங்கம் வென்றார். இந்தியாவுக்குப் பாராலிம்பிக்கில் கிடைத்த முதல் தங்கம் அது. காயம் பட்ட பிறகுதான் அவர் நீச்சல் வீரரே ஆனார்.

எடர்லி இவை எல்லாம் வருவதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டார். மருத்துவர்கள் முடியாது என்ற பிறகு அவர் நீந்திய முதல் நீளத்துக்கு எத்தனை நிமிடம் ஆனது என்று எந்தச் சாதனைப் புத்தகத்திலும் இல்லை.

காது கேளாத பிள்ளைகளின் ஆசிரியை

உலகக் கண்காட்சி முடிந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எடர்லி நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் விமானக் கருவிகளைச் சோதிக்கும் வேலை பார்த்தார். நாளெல்லாம் சின்னச் சின்ன முட்களையும் அளவுகளையும் பார்த்துச் சரிபார்க்கும் வேலை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் நுண்ணோக்கிக்கு முன்னால் ஆயுளைக் கழித்த நம் அக்காமார்களுக்கு அந்த வேலையின் அருமை தெரியும். 1940களில் அவர் காது முழுதாகவே கேட்காமல் போனது.

பிறகு அவர் செய்ததுதான் நீண்ட நாள் நிலைத்தது. லெக்சிங்டன் காது கேளாதோர் பள்ளியின் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார். விசில் அடித்தால் கேட்காத குளம் அது. எண்ணிக்கை, கட்டளை, எச்சரிக்கை எல்லாம் கையாலும் கண்ணாலும் உடம்பாலும் காட்ட வேண்டும். காது கேட்கும் பயிற்றுநர்கள் திணறும் இடத்தில் அவருக்குச் சிரமம் இல்லை. தண்ணீருக்குள் தலை போனதும் எல்லாருமே காது கேளாதவர்கள்தான், அந்த உலகத்தில் அவர் மூத்த குடி.

குவீன்ஸில் தோழிகள் இருவரோடு எளிமையாக வாழ்ந்தார். எவரும் தம்மைப் பரிதாபமாக எழுதுவதை அவர் விரும்பவில்லை. பழைய வீராங்கனை மறக்கப்பட்டு வாடுகிறார் என்ற தொனியில் யாராவது எழுதினால், தாம் நன்றாகத்தான் இருக்கிறோம் என்று திருத்துவார். நான் இந்தக் கட்டுரையின் முதல் வரைவைக் கிழித்துப் போட்டதற்குக் காரணம் அதுதான். அது முழுக்கப் பரிதாபமாக இருந்தது.

கால்வாயில் பெண்களுக்கான அவருடைய சாதனை நேரம் 1950 வரை நின்றது. அந்த ஆண்டு ஃபுளோரன்ஸ் சாட்விக் அதை முறியடித்தார். 1925இல் மன்ஹாட்டன் முனையிலிருந்து சாண்டி ஹுக் வரை அவர் நீந்திய 7 மணி 11 நிமிடம் என்ற சாதனையோ 81 ஆண்டு அசையாமல் இருந்தது. 1965இல் சர்வதேச நீச்சல் புகழரங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2003 நவம்பர் 30ஆம் தேதி நியூ ஜெர்சியில், 98ஆம் வயதில் இறந்தார். முறிந்த முதுகோடு விழுந்த நாளிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ 70 ஆண்டுகள். 2026 ஆகஸ்ட் 6ஆம் தேதியுடன் அவருடைய கால்வாய் நீச்சலுக்கு வயது 100.

இந்தக் கதையைப் பெரியம்மாவுக்குச் சொன்னேன். கால்வாயைக் கடந்ததெல்லாம் அவர் காதில் ஏறவே இல்லை. அந்தப் படிக்கட்டில் உடைந்த ஓட்டை யாராவது மாற்றினார்களா என்று கேட்டார். நான்கு ஆண்டு கட்டுப் போட்டவர் முதலில் எந்தக் காலை ஊன்றினார் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

போன சனிக்கிழமை அவர் குளத்தின் ஓரக் கம்பியை விட்டுவிட்டு ஏழெட்டு வீச்சு நீந்தினார். தண்ணீர் கண்ணில் போய் எரிந்ததாம். அடுத்த வாரம் வரும்போது நல்ல நீச்சல் கண்ணாடி ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.